சொல் அம்பலம் ஏறுமா என்பதே கேள்வி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சீனக் கல்லூரி மாணவர்களைப் பற்றித் தமிழ் நாளிதழ்களில் செய்தியோ கட்டுரையோ வந்தால், அது பெரும்பாலும் இரண்டு முடிவுகளில் ஒன்றில் போய் நிற்கிறது. பயந்து வாய்மூடிக் கிடக்கிறார்கள் என்பது ஒன்று. மூளைச்சலவைக்கு ஆளான கட்சிப் பிள்ளைகள் என்பது மற்றொன்று. இந்தத் துறையைப் படித்தும் கற்பித்தும் வரும் எங்களுக்கு இரண்டுமே நெருடுகின்றன. அரசை நம்புவதையும், தன் சொல் அரசிடம் எடுபடும் என்று எண்ணுவதையும் இரண்டு முடிவுகளும் ஒரே கணக்கில் போட்டுக் கலந்துவிடுகின்றன. அவை தனித்தனி அளவுகோல்கள். ஒரு மாணவர் எதைப் பேசுகிறார், எந்த இடத்தில் பேசுகிறார், எங்கே வந்து நிறுத்திக்கொள்கிறார் என்பதெல்லாம் இவ்விரண்டும் சேரும் விதத்தில் இருக்கிறது. அதைச் சற்று விரிவாகச் சொல்ல இடம் தர வேண்டுகிறோம்.

இரண்டாவது அளவுகோலை நம் பழமொழி ஒன்று முன்பே சொல்லிவிட்டது: ஏழை சொல் அம்பலம் ஏறாது. தன் சொல் அம்பலம் ஏறும் என்று ஒருவர் எவ்வளவு தூரம் நினைக்கிறார் என்பதற்குத்தான் ‘அரசியல் ஆற்றலுணர்வு’ என்று பெயர். 1952 அமெரிக்க அதிபர் தேர்தலை ஆராய்ந்த மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் 1954-இல் வெளியிட்ட நூலில் இதை அளக்கும் கேள்விகளைத் தந்தார்கள். ‘அரசு செய்யும் காரியங்களில் என்னைப் போன்றவர்கள் சொல்ல எதுவும் இல்லை’, ‘அரசியலும் ஆட்சியும் சில சமயம் எனக்குப் பிடிபடாத அளவுக்குச் சிக்கலாக இருக்கின்றன’ என்பது போன்ற வாக்கியங்களைக் காட்டி, ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்பார்கள். ஏழு பத்தாண்டுகள் கழித்து இன்று பெய்ஜிங்கிலோ வூஹானிலோ மாணவரிடம் நீட்டப்படும் படிவத்திலும் இவற்றின் பேரப்பிள்ளைகள்தான் இருக்கின்றன.

பின்னால் வந்தவர்கள் இதை இரண்டாகப் பிரித்தார்கள். விஷயம் எனக்குப் புரிகிறது, நாலு பேர் முன்னால் பேசவும் வரும் என்பது அகம். பேசினால் மேலே இருப்பவர் காதில் விழும், பதிலும் வரும் என்பது புறம். சீனப் பல்கலைக்கழகங்களில் அகம் ஏறியும் புறம் இறங்கியும் இருப்பது சாதாரணம். காவ்காவ் நுழைவுத் தேர்வைத் தாண்டி வந்த மாணவருக்குப் பள்ளி நாளிலிருந்தே அரசியல் ஒரு பாடம். கட்சி ஆவணத்தின் மொழி அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. அதே மாணவரிடம், உங்கள் கல்லூரி நிர்வாகம் உங்கள் பேச்சைக் கேட்குமா என்று கேட்டால் தயங்குவார். அகத்தையும் புறத்தையும் கூட்டி ஒரே சராசரியாக எழுதும் கட்டுரையில் இந்தத் தயக்கம் காணாமல் போய்விடுகிறது.

இனி நம்பிக்கை. சீனாவில் அரசின் மீதான நம்பிக்கை மாடி மாடியாக அடுக்கியது. மக்கள் வாயில் வழங்கும் ஒரு பேச்சு உண்டு: ‘மத்திய அரசு நமக்கு வாழ்வு தந்தவர், மாகாணம் உறவுக்காரர், மாவட்டம் நல்லவர், ஒன்றியம் கெட்டவர், கிராமம் பகையாளி.’ இறங்க இறங்க நம்பிக்கை தேய்கிறது. கிராமப்புறச் சீனாவில் இந்தப் படிநிலையை 2004-இல் ஆய்வாக எழுதியவர் லீ லியான்ஜியாங். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஆஷ் மையம் 2003 முதல் 2016 வரை எட்டுச் சுற்றுகளாக 31,000-க்கும் மேற்பட்டவர்களை நேரில் கண்டு கேட்டது. 2016-இல் மத்திய அரசின் மீது திருப்தி என்றவர்கள் 90 சதவீதத்துக்கும் மேல். ஊரக ஒன்றிய அளவில் அது 70 சதவீதம். 2003-இல் அங்கே 44 சதவீதம்தான் இருந்தது. அமெரிக்காவில் இது தலைகீழ்: உள்ளூர் நிர்வாகத்தை நம்புவார்கள், வாஷிங்டனை நம்ப மாட்டார்கள்.

இதன் காரணம் எளிது. ஓய்வூதியமும் மருத்துவக் காப்பீடும் வந்தால் பெய்ஜிங் தந்தது என்று செய்தி வருகிறது. நிலத்தை எடுப்பதும், அபராதம் போடுவதும், ‘நாளை வா’ என்று திருப்பி அனுப்புவதும் உள்ளூர் அலுவலகம். மாணவருக்கு உள்ளூர் அரசு என்பது அவருடைய பல்கலைக்கழகமேதான். ஆகவே ‘நீங்கள் அரசை நம்புகிறீர்களா’ என்று மொட்டையாகக் கேட்டால் அவர் மனக்கண்ணில் தோன்றுவது பெய்ஜிங். விடுதிப் பூட்டைப் பற்றிக் கேட்டால் தோன்றுவது வேறு முகம். மாணவர்கள் எழுதும் புகாரைப் பாருங்கள். மத்திய அரசின் இன்ன கொள்கைக்கு மாறாகக் கல்லூரி நடக்கிறது என்றுதான் தொடங்கும். மேலிடத்தை நம்புவது கீழிடத்தைக் கேள்வி கேட்கக் கையில் கிடைத்த கோல். நம்பிக்கை உள்ளவர் வாய் திறக்க மாட்டார் என்ற எண்ணம் இங்கேயே பொய்த்துவிடுகிறது.

இந்த நம்பிக்கை ஒரு பகுதி வாழ்க்கை உயர்ந்ததால் வந்தது, ஒரு பகுதி கற்பித்து வந்தது. கற்பித்து வந்ததற்குச் சான்று உண்டு. 2004-க்கும் 2010-க்கும் இடையில் சீனா மேல்நிலைப் பள்ளிப் பாடநூல்களை மாற்றியது. மாகாணங்கள் ஒரே ஆண்டில் மாறவில்லை, ஒன்றன்பின் ஒன்றாக மாறின. அதனால் அடுத்தடுத்த ஆண்டில் பிறந்த இருவரில் ஒருவர் பழைய நூலும் மற்றவர் புதிய நூலும் படித்து வந்தார்கள். இந்த வேறுபாட்டைப் பயன்படுத்திப் பீக்கிங் பல்கலைக்கழகத்தில் ஏறக்குறைய 2,000 இளநிலை மாணவர்களிடம் பொருளியலாளர்கள் கேட்டார்கள். 2017-இல் வெளியான அந்த ஆய்வில், புதிய நூல் படித்தவர்களுக்கு அரசு அதிகாரிகள் மீது நம்பிக்கை கூடியிருந்தது, கட்டற்ற சந்தையின் மீது ஐயமும் கூடியிருந்தது. நாட்டின் மிகச் சிறந்த மாணவர்களிடம்கூடப் பாடநூல் தன் வேலையைச் செய்திருக்கிறது.

கல்லூரிக்குள் வந்தபின் இதைத் தொடர்வது ஆட்களும் அமைப்பும். ஒவ்வொரு 200 மாணவருக்கும் குறைந்தது ஒரு முழுநேர ‘ஃபூதாவ்யுவான்’, அதாவது மாணவர் வழிகாட்டி, இருக்க வேண்டும் என்பது கல்வி அமைச்சின் விதி. இவர் பாடம் நடத்தும் ஆசிரியர் அல்லர். விடுதிச் சண்டை, உதவித்தொகை, மனச்சோர்வு, கட்சி உறுப்பினர் விண்ணப்பம், வேலைக்கான சான்று எல்லாம் இவர் கைவழியாகத்தான் போகும். மாணவரின் கருத்துப் போக்கைக் கவனிப்பதும் இவர் வேலையே. மேற்கத்திய எழுத்தில் இவரை உளவாளியாகக் காட்டுகிறார்கள். அது முழு உண்மை ஆகாது. காய்ச்சலில் கிடக்கும் மாணவரை நள்ளிரவில் மருத்துவமனைக்குக் கூட்டிப் போவதும் இவர்தான். உதவியும் கண்காணிப்பும் ஒரே ஆளிடமிருந்து வருவதால்தான் அவரிடம் எதிர்த்துப் பேசுவது கடினமாகிறது. முகம் தெரியாத போலீசைவிட முகம் தெரிந்த நல்லவர் நாவை அதிகமாகக் கட்டிப்போடுகிறார்.

வகுப்பு அளவில் இன்னும் நெருங்கிப் பார்க்கலாம். ஒரு வகுப்பில் முப்பது பேர் அளவில் இருப்பார்கள். வகுப்புத் தலைவர் ஒருவர், கம்யூனிஸ்ட் இளைஞர் கழகத்தின் கிளைச் செயலர் ஒருவர், இருவருமே மாணவர்கள். இளைஞர் கழகம் 2018-இல் தொடங்கிய ‘இளைஞர் பெருங்கல்வி’ என்ற இணையப் பாடம் பருவக் காலத்தில் வாராவாரம் வரும். சில நிமிடக் காணொளி, நடுவே ஓரிரு கேள்வி. பார்த்து முடித்ததும் கடைசிப் பக்கத்தைத் திரைப்பிடிப்பு எடுத்து வகுப்பின் வீசாட் (நம் வாட்ஸ்அப் போன்ற செயலி) குழுவில் போட வேண்டும். செயலர் பெயர்ப் பட்டியலைச் சரிபார்ப்பார். விட்டுப்போனவர்களைக் குழுவிலேயே பெயர் சொல்லிக் கூப்பிடுவார், ஏனென்றால் எத்தனை சதவீதம் பேர் பார்த்தார்கள் என்று அவரிடம் மேலே கேட்பார்கள். பலர் காணொளியை ஓடவிட்டு வேறு வேலை பார்க்கிறார்கள். நேரே கடைசிப் பக்கத்துக்குத் தாவும் குறுக்குவழிகளும் சுற்றில் வந்தன.

இதிலிருந்து மாணவர் கற்பது காணொளியில் இருக்கும் கருத்து என்று நினைத்தால் தவறு. அரசியல் என்பது குறித்த நேரத்தில் குறித்த வடிவத்தில் ஒப்படைக்க வேண்டிய ஒன்று என்பதைக் கற்கிறார். நம்பிக்கை கூடுகிறதோ இல்லையோ, ஆற்றலுணர்வு இங்கே அடிவாங்குகிறது. எங்கள் கணிப்பில், இந்த அமைப்பு தனக்கே செய்துகொள்ளும் பெரிய கேடு இது.

அப்படியானால் சீனாவில் புற ஆற்றலுணர்வு வற்றிப்போன கிணறா? இல்லை. 12345 என்ற எண்ணை அழைத்தால் நகராட்சி பதில் சொல்லக் கடமைப்பட்டது. 2021 தொடக்கத்தில் அரசு அவை (அங்கே அமைச்சரவை) பல துறை எண்களை இந்த ஓர் எண்ணில் இணைக்கச் சொன்னது. பெய்ஜிங்கில் 2019 முதல், வந்த புகாரை உடனே கையாளும் ஏற்பாட்டில் பகுதி அலுவலகங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு வரிசைப்படுத்துகிறார்கள். விடுதியில் குளிர்சாதனம் இல்லை, உணவகத்தில் விலை ஏறிவிட்டது, விடுமுறை நாளை மாற்றிவிட்டார்கள் என்றால் மாணவர் இந்த எண்ணை அழைக்கிறார், துணைவேந்தர் அஞ்சல் பெட்டிக்கு எழுதுகிறார். பல வேளைகளில் பலனும் கிடைக்கிறது. சிறிய விஷயத்தில் சொல் அம்பலம் ஏறுகிறது.

எப்போது ஏறுகிறது என்பதற்கு ஒரு களச் சோதனை உண்டு. சீனாவின் 2,103 மாவட்ட அரசுகளின் இணையப் பலகையில் (அங்கே மாவட்டம் என்பதை நம் வட்டத்தோடு ஒப்பிடலாம்) குறைந்தபட்ச வாழ்வாதார உதவி கிடைக்கவில்லை என்று ஒரு வேண்டுகோளை ஆய்வாளர்கள் அனுப்பினார்கள். மூன்றில் ஒரு பங்கு இடங்களிலிருந்து பதில் வந்தது. பலர் சேர்ந்து இறங்குவோம் என்ற ஒரு வரியோ, மேலிடத்துக்கு எழுதுவோம் என்ற ஒரு வரியோ சேர்த்தபோது பதில் வீதம் 8 முதல் 10 சதவீதப் புள்ளிகள் கூடியது. நான் நீண்டநாள் கட்சி உறுப்பினன் என்று எழுதியதற்கு அந்த அளவு பயன் இல்லை. விசுவாசம் பதிலைப் பெரிதாகக் கூட்டவில்லை, அழுத்தம் கூட்டியது. 2016-இல் வெளியான இந்த ஆய்வை நாங்கள் முக்கியமாகக் கருதுகிறோம். சொல் எடுபடும் என்ற எண்ணத்தை அரசு வளர்க்கும் அதே இடத்தில், கூடி நின்றால் இன்னும் எடுபடும் என்ற பாடத்தையும் அறியாமல் கற்பிக்கிறது. கூடி நிற்பதுதான் அங்கே தடுக்கப்பட்டது.

அது எப்படித் தடுக்கப்படுகிறது என்பதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். கேரி கிங், ஜெனிபர் பான், மார்கரெட் ராபர்ட்ஸ் மூவரும் ஏறத்தாழ 1,400 சீனச் சமூக ஊடகத் தளங்களின் பதிவுகளைச் சேகரித்து, எவை அழிக்கப்பட்டன என்று பார்த்து 2013-இல் எழுதினார்கள். அரசையும் தலைவர்களையும் கடுமையாகத் திட்டிய பல பதிவுகள் அப்படியே நின்றன. மக்களைத் தெருவில் திரட்டக்கூடிய நிகழ்வைப் பற்றிய பதிவுகள், அரசைப் பாராட்டி எழுதியவையும்கூட, துடைக்கப்பட்டன. 2024 நவம்பரில் ஹெனான் மாகாணத்தில் நடந்ததை இதோடு வைத்துப் பாருங்கள். ஜெங்ஜோ நகரக் கல்லூரி மாணவர்கள் இரவில் வாடகைச் சைக்கிளில் சுமார் 50 கிலோமீட்டர் ஓட்டி, சூப் நிரப்பிய கொழுக்கட்டை சாப்பிடக் கைஃபெங் போனார்கள். ஜூன் மாதம் நான்கு மாணவிகள் தொடங்கி வைத்த விளையாட்டு அது. முதலில் கைஃபெங் நகரமே வரவேற்றது. நவம்பர் 8 இரவு கூட்டம் பெருகி நெடுஞ்சாலையே சைக்கிளாக நிறைந்தது. மறுநாள் சைக்கிள் பாதை மூடப்பட்டது. எல்லை தாண்டும் சைக்கிள்களுக்குத் தானாகப் பூட்டு விழும் என்று வாடகை நிறுவனங்கள் அறிவித்தன. சில கல்லூரிகள் வாசலை அடைத்தன. அவர்களில் சிலர் தேசியக் கொடி பிடித்து, தேசிய கீதம் பாடியபடி போனவர்கள். அரசியல் வாசகம் ஏதும் இல்லை. ஆள்திரள் இருந்தது, அது போதும்.

இந்த எல்லைகள் எழுத்தில் உள்ள விதிகளாகவும் இருக்கின்றன. அவதூறான பதிவு 5,000 முறை பார்க்கப்பட்டாலோ 500 முறை பகிரப்பட்டாலோ அது குற்ற வழக்குக்கு உரிய அளவு என்று உச்ச மக்கள் நீதிமன்றமும் உச்ச வழக்குத்தொடர் அமைப்பும் 2013 செப்டம்பரில் விளக்கம் தந்தன. அதே மாதம் கான்சு மாகாணத்தில் 16 வயதுப் பள்ளி மாணவன் ஒருவன் இணையத்தில் எழுதியதற்காகப் பிடிக்கப்பட்டு, நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தபின் விடுவிக்கப்பட்டான். 2017 முதல் நடப்பில் உள்ள இணையப் பாதுகாப்புச் சட்டப்படி உண்மைப் பெயர்ப் பதிவு கட்டாயம். 2022 ஏப்ரல் இறுதியிலிருந்து வெய்போ என்ற சமூக ஊடகத்தில் ஒவ்வொருவர் பதிவின் கீழும் அவர் எந்த மாகாணத்தில், எந்த நாட்டில் இருக்கிறார் என்பது ஐபி முகவரியை வைத்துத் தானாகத் தெரிகிறது. அதற்கும் முன்னால் மாணவர்களுக்கென்றே இருந்த இடங்கள் போயின. பீக்கிங் பல்கலைக்கழகத்தில் பிறந்த ‘யீதா ஹூதூ’ என்ற இணைய உரையாடல் பலகை 2004 செப்டம்பரில் மூடப்பட்டது. சிங்ஹுவாவின் ‘ஷுய்மு’ பலகை 2005 மார்ச்சில் வெளியாருக்கு அடைக்கப்பட்டது. இன்றைய மாணவருக்கு மிஞ்சியிருப்பது பெயரில்லாமல் எழுதும் ‘மரப்பொந்து’ பக்கங்களும், காதல் தூது விடும் ‘சுவர்’ கணக்குகளும். அங்கேதான் வளாகக் குறையும் அரசியல் முணுமுணுப்பும் காதல் கடிதங்களுக்கு நடுவே எட்டிப் பார்க்கின்றன.

தேர்தலைப் பற்றி ஒரு சொல், ஏனென்றால் பலருக்கு இது தெரியாது. சீன மாணவர்கள் வாக்களிக்கிறார்கள். மாவட்ட, ஒன்றிய மக்கள் பேரவைகளுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை நேரடித் தேர்தல். 18 வயது நிரம்பியவர் வாக்காளர். பல்கலைக்கழக வளாகமே தொகுதியாக அமைவதுண்டு. பத்து வாக்காளர்கள் சேர்ந்தால் ஒருவரை முன்மொழியலாம். இடங்களைவிட வேட்பாளர்கள் மூன்றில் ஒரு பங்கு முதல் ஒரு மடங்கு வரை கூடுதலாக இருக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. பிறகு எங்கே தவறுகிறது? முன்மொழிவுகள் மிகுந்தால் வாக்காளர் குழுக்கள் ‘கலந்து பேசி’ இறுதிப் பட்டியலைச் சுருக்கும். அந்தக் கட்டத்தில்தான் வெளியாள் பெயர் உதிர்கிறது. 1980 இலையுதிர் காலத்தில் பெய்ஜிங்கின் ஹாய்தியன் பகுதித் தேர்தலில் பீக்கிங் பல்கலைக்கழக மாணவர்கள் சுவரொட்டி ஒட்டி, கூட்டம் போட்டு, வாதம் செய்து போட்டியிட்டார்கள். அப்போதைய சட்டம் எல்லா வடிவிலும் வேட்பாளரைப் பரப்புரை செய்ய இடம் தந்தது. 1982-இல் அந்த வாசகத்தை எடுத்துவிட்டு, வாக்காளர் குழுக் கூட்டத்தில் அறிமுகம் செய்யலாம் என்று குறுக்கினார்கள். வாக்குச்சீட்டு கைக்கு வந்தாலும் அதிலுள்ள பெயரை எழுதியது யார் என்று தெரியாத மாணவரிடம், அந்தச் சீட்டு ஆற்றலுணர்வை வளர்க்காது.

இப்போது இரண்டு அளவுகோல்களையும் சேர்த்துப் பார்க்கலாம். நம்பிக்கை குறைந்து ஆற்றலுணர்வு மிகுந்த இடத்தில்தான் மக்கள் திரள்வார்கள் என்று 1968-இல் அமெரிக்கச் சமூகவியலாளர் வில்லியம் கேம்சன் சொன்னார். சீன மாணவர்களிடம் இது பாதிதான் பொருந்துகிறது. 2018 கோடையில் ஷென்ஜெனில் ஜாசிக் என்ற வெல்டிங் இயந்திரத் தொழிற்சாலையின் தொழிலாளர்கள் சங்கம் அமைக்க முயன்று பிடிபட்டபோது, பீக்கிங், ரென்மின், நான்ஜிங் முதலிய பல்கலைக்கழகங்களின் மார்க்சிய மாணவர்கள் அவர்களுக்காக அங்கே போனார்கள். ஷி ஜின்பிங்குக்கே திறந்த மடல் எழுதினார்கள். ஆகஸ்ட் 24-ஆம் தேதி ஹுய்ஜோவில் தங்கியிருந்த சுமார் 50 பேரைப் போலீசார் பிடித்துச் சென்றார்கள். அந்த மாணவர்கள் கட்சியின் கொள்கையை நம்பாதவர்கள் அல்லர். வகுப்பில் படித்ததை எழுத்துக்கு எழுத்து நம்பியவர்கள். நம்பிக்கை முற்றி, ஆற்றலுணர்வும் சேர்ந்தால் அரசுக்கு அது எவ்வளவு சங்கடம் என்பதை ஜாசிக் காட்டியது.

2016 ஜனவரியில் தைவான் தேர்தலில், சீனாவோடு சேராமல் தனித்து நிற்பதை வலியுறுத்தும் சாய் இங்வென் வென்ற சில நாளில் ‘தீபா’ என்ற சீன இணையக் குழுவினர் தம் நாட்டின் இணையத் தடையைத் தாண்டி ஃபேஸ்புக்குக்குப் போய் அவர் பக்கத்தில் ஆயிரக்கணக்கில் கருத்துகளைக் கொட்டியதும், இரண்டு அளவுகோலும் மிகுந்த இதே மூலையில் வரும். அங்கே நம்பிக்கையும் உண்டு, நம்மால் ஆகும் என்ற துணிவும் உண்டு. ஒரே கலவைதான். வெளியே பாய்ந்தால் தேசப்பற்று, உள்ளே பாய்ந்தால் கைது.

2022 நவம்பர் 24-ஆம் தேதி வடமேற்குச் சீனாவின் உரும்ச்சி நகரில் அடுக்குமாடித் தீயில் பத்துப் பேர் மாண்டார்கள். பெருந்தொற்றுப் பூட்டுதான் அவர்களை வெளியேறவிடவில்லை என்று நாடு கொதித்தது. 26-ஆம் தேதி நான்ஜிங்கில் ஊடகக் கல்லூரி வளாகத்தில் ஒரு மாணவி வெற்று ஏ4 தாளைப் பிடித்து நின்றார். மறுநாள் சிங்ஹுவாவில் நூற்றுக்கணக்கானோர் திரண்டு, தொழிலாளர் இயக்கப் பாடலான சர்வதேச கீதம் பாடினார்கள். அந்தக் காட்சியில் எதுவும் எழுதாத தாளைத்தான் கவனிக்க வேண்டும். எழுதினால் அழிப்பார்கள் என்று தெரிந்தவர், எழுதாமலே எல்லோருக்கும் புரியும் என்றும் தெரிந்தவர். அக ஆற்றலுணர்வு உச்சத்தில், புறம் அடியில். பல்கலைக்கழகங்கள் மாணவர்களைச் சீக்கிரமே ஊருக்கு அனுப்பி வைத்தன. டிசம்பர் 7-இல் கட்டுப்பாடுகள் பெருமளவு தளர்ந்தன. போராட்டத்தால்தான் தளர்ந்ததா, பொருளாதார நெருக்கடியாலா, பரவலைத் தடுக்க முடியாமையாலா என்பதில் அறிஞர்கள் பிரிந்து நிற்கிறார்கள். ஆனால் தாளைப் பிடித்தவர்கள் தம் சொல் ஏறியது என்றே எடுத்துக்கொண்டிருந்தால் அதில் வியப்பில்லை.

பெரும்பாலோர் இந்த மூலைகளில் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். நம்பிக்கை ஓரளவு, ஆற்றலுணர்வு குறைவு என்ற நடுப்பகுதியில்தான் கூட்டம். 2021-இல் பரவிய ‘தாங்பிங்’, அதாவது மல்லாந்து படுத்துவிடுவது, அந்த மனநிலையின் சொல். 2023 ஜூனில் 16 முதல் 24 வயதினரின் வேலையின்மை 21.3 சதவீதத்தைத் தொட்டதும் அந்தக் கணக்கை வெளியிடுவதைச் சில மாதம் நிறுத்தி, மாணவர்களைக் கழித்து 2024 ஜனவரியில் புதிய கணக்கைத் தந்தார்கள். 2025-ஆம் ஆண்டுக்கான தேசியக் குடிமைப் பணித் தேர்வில் 39,700 இடங்களுக்கு 34 லட்சம் பேர் தகுதிச் சரிபார்ப்பைத் தாண்டினார்கள். அந்தப் பணிக்கு ‘அரசியல் சரிபார்ப்பு’, அதாவது விண்ணப்பித்தவரின் அரசியல் போக்கைத் துருவிப் பார்ப்பது, உண்டு. வேலை தேடும் இளைஞர் வெய்போவில் என்ன எழுதுவார் என்று கேட்பதற்கு முன்னால் இந்த எண்ணைப் பார்க்க வேண்டும். வாய்மூடுவதற்குச் சிறை பயம் வேண்டியதில்லை. விண்ணப்பப் படிவமே போதும்.

வெளிச் செய்தி கிடைத்தால் எல்லாம் மாறிவிடும் என்று நம்புகிறவர்களுக்கு யூயூ சென், டேவிட் யாங் இருவரும் 2019-இல் வெளியிட்ட சோதனையைப் பரிந்துரைக்கிறோம். பெய்ஜிங்கில் ஏறக்குறைய 1,800 பல்கலைக்கழக மாணவர்களில் பெரும்பாலோருக்கு இணையத் தடையைத் தாண்ட உதவும் விபிஎன் சேவையை 18 மாதத்துக்கு இலவசமாகத் தந்தார்கள். பாதிக்கு அருகில் அதைத் திறக்கவே இல்லை. திறந்தவர்களிலும் தடை செய்யப்பட்ட வெளிநாட்டுச் செய்தியைப் படித்தவர் மிகச் சிலர். செய்திக் கேள்விகளுக்குச் சரியான பதில் சொன்னால் சிறு பரிசு என்று சில மாதம் ஊக்கம் தந்தபின்புதான் படிக்கத் தொடங்கினார்கள், பரிசு நின்ற பிறகும் படித்தார்கள். படித்தவர்களிடம் அரசின் மீதான நம்பிக்கை குறைந்தது. வாசல் திறந்தால் போதாது, உள்ளே நுழைய வேண்டும் என்ற தேவை முதலில் பிறக்க வேண்டும். தெரிந்து என்ன ஆகப்போகிறது என்ற எண்ணம், அதாவது குறைந்த ஆற்றலுணர்வு, அறியும் ஆசையையே மங்கச் செய்கிறது என்று இதை நாங்கள் வாசிக்கிறோம்.

கடைசியாக, இத்தகைய ஆய்வுகளைச் செய்தியாக்குவோர் கவனிக்க வேண்டியவை. மாணவர் கருத்தாய்வு பெரும்பாலும் ‘வென்ஜுவான்ஷிங்’ போன்ற இணையப் படிவத்தில் நடக்கிறது. இணைப்பு வகுப்பின் வீசாட் குழுவுக்கு வருகிறது. அதைப் போட்டவர் ஃபூதாவ்யுவான் என்றால் விடை முன்பே பாதி தீர்மானமாகிவிட்டது. ஐந்து புள்ளி அளவில் எல்லோரும் நான்கும் ஐந்தும் குறித்தால், நம்பிக்கை என்ற எண்ணில் ஏற்ற இறக்கமே இருக்காது. ஏற்ற இறக்கம் இல்லாத ஒன்று எதையும் விளக்காது; ‘நம்பிக்கைக்கும் கருத்து வெளிப்பாட்டுக்கும் தொடர்பில்லை’ என்ற முடிவு அப்படித்தான் பிறக்கிறது. விருப்பக்குறி இடுவது, பகிர்வது, பின்னூட்டம் எழுதுவது, தானே பதிவெழுதுவது, 12345-ஐ அழைப்பது, தெருவில் நிற்பது எல்லாவற்றையும் ‘அரசியல் வெளிப்பாடு’ என்று ஒரே கூடையில் போட்டாலும் இதே கதிதான். பகிர்வில் நம்பிக்கை மிகுந்தவர் முன்னால் நிற்பார், புகாரில் ஆற்றலுணர்வு மிகுந்தவர் முன்னால் நிற்பார், கூட்டிப்போட்டால் ஒருவரை ஒருவர் கழித்துவிடுவார்கள். எல்லாக் கேள்வியையும் ஒரே நாளில் ஒரே ஆளிடம் கேட்டுவிட்டு இது அதற்குக் காரணம் என்பதும் செல்லாது. பேசிப் பார்த்துப் பலன் கண்டதால் ஆற்றலுணர்வு வளர்ந்திருக்கவும் கூடும்.

மறைத்துச் சொல்லும் விடையை வெளிக்கொண்டுவர ஒரு முறை இருக்கிறது. ஒரு குழுவுக்குச் சாதாரணமான மூன்று வாக்கியங்கள், இன்னொரு குழுவுக்கு அதே மூன்றோடு சிக்கலான ஒன்று. எவற்றை ஏற்கிறீர்கள் என்று கேட்காமல், எத்தனையை ஏற்கிறீர்கள் என்று மட்டும் கேட்க வேண்டும். முதல் குழுவின் சராசரி 1.6, இரண்டாவதன் சராசரி 2.2 என்று வைத்துக்கொள்ளுங்கள், வித்தியாசம் 0.6, ஆகவே அந்த நான்காவது வாக்கியத்தை 60 சதவீதம் பேர் ஏற்கிறார்கள். எந்தத் தனி மனிதரின் விடையும் வெளியே தெரியாது. இப்படிச் சீனக் குடிமக்களிடம் கேட்டு 2024-இல் வெளியான ஆய்வில், நேரே கேட்டபோது 90 சதவீதத்தைத் தாண்டிய கட்சி ஆதரவு 50-க்கும் 70-க்கும் இடையில் இறங்கியது. இறங்கிய பின்னும் பாதிக்குமேல் நிற்கிறது. பயம் என்ற ஒரு சொல்லும் மூளைச்சலவை என்ற ஒரு சொல்லும் இந்த எண்ணை விளக்கப் போதாது.

சீனாவில் மருத்துவம் படித்துத் திரும்பிய நம் தமிழ்ப் பிள்ளைகளிடம் கேட்டு எழுதும் வழக்கமும் உண்டு. அவர்கள் சொல்வது உண்மையே, ஆனால் பார்த்த இடம் குறுகியது. வெளிநாட்டு மாணவர்களுக்குப் பெரும்பாலும் தனி விடுதி, தனி ஆங்கில வகுப்பு. சீன மாணவரின் வகுப்புக் குழுவிலும் கிளைச் செயலரின் பட்டியலிலும் அவர்கள் பெயர் இல்லை. ‘அங்கே யாரும் அரசியல் பேசுவதில்லை’ என்று அவர்கள் சொன்னால், தங்களிடம் பேசவில்லை என்று கொள்வதே சரி.

ஆகவே ஆசிரியர் அவர்களுக்கு எங்கள் வேண்டுகோள் இது. ‘சீன மாணவர்களில் இத்தனை சதவீதம்’ என்ற செய்தி மேசைக்கு வரும்போது, நம்பிக்கை எந்த அடுக்கைப் பற்றியது, கருத்து வெளிப்பாடு என்று எதை எண்ணினார்கள், படிவத்தின் இணைப்பை அனுப்பியது யார் என்ற மூன்றையும் செய்தியாளரிடம் கேளுங்கள். விடை இருந்தால் அதையும் செய்தியிலேயே ஒரு வரி போடுங்கள்.

இப்படிக்கு,
அரசறிவியல் ஆசிரியர்கள் இருவர்